மாடு பூட்டி வந்த பிக்கப்

திண்டிவனம் போகும் சாலையில் இப்போது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் வந்திருக்கிறது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார்கள். வண்டியில் ஒரு ஒயரைச் செருகினால் கோளாறு இன்னதென்று சின்னத் திரையில் எழுத்து ஓடுகிறது. "உங்க காலத்துல இது மாதிரி மிசினு ஏது தாத்தா?" என்று ஒருவன் கேட்டான்.

"இருந்துச்சே. அதுக்குப் பேரு தாவூது பாய் மூக்கு" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் காலம்போல் வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. அந்த ஒயர் மட்டும் எனக்கு அப்போதே கிடைத்திருந்தால் என் இடுப்பு இன்றைக்கும் நேராக இருந்திருக்கும்.

விழுப்புரத்தில் பிறந்தவன் ரயிலில் வேலை கிடைக்கும் என்று காத்திருப்பான், கிடைக்காவிட்டால் வேறு எங்காவது போவான். நான் போன இடம் ஒரு லாரி ஷெட். முதலில் நட்டு கழுவினேன், அப்புறம் போல்ட்டு கழுவினேன், அதற்கப்புறம் கழுவினதைத் திரும்பப் பூட்டச் சொன்னார்கள். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அறுபதுகள் பிறந்தபோது நான் முழு பிட்டர் ஆகியிருந்தேன். எனக்கு மேலே இருந்தவர் மேஸ்திரி தாவூது பாய்.

பாய் ஒல்லியான மனிதர். எந்நேரமும் வாயில் ஒரு பீடி இருக்கும், பற்றவைத்திருக்காது. டீசலும் பெட்ரோலும் புழங்குகிற இடத்தில் நெருப்பு கூடாது, பீடி இல்லாமல் அவராலும் முடியாது. இரண்டுக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த ராஜி அது. வண்டி வந்ததும் மற்ற மேஸ்திரிகள் பானெட்டைத் தூக்குவார்கள். இவர் டீ சொல்வார். வண்டிக்காரர் டீ குடித்து முடிக்கும்வரை ஒரு ஸ்பேனரையும் தொட விடமாட்டார். "சூடா இருக்குறவன் சொல்றத கேட்டுக்கினு வண்டிய பிரிச்சா, பிரிச்சிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்பார்.

அவருக்கு மூன்று கட்டளைகள் உண்டு. கருவியை எடுக்குமுன் மோந்து பார்க்க வேண்டும். சுற்றாத இஞ்சினைப் பலத்தால் சுற்றக் கூடாது. கோளாறு என்னவென்று தெரிந்தாலும் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது, வண்டிக்கு உரியவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டளைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் மூக்குக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து கரும்பு லாரி ஒன்று இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது. பம்பு போய்விட்டது என்று டிரைவர் சத்தியம் செய்தார். பாய் டேங்கின் மூடியைத் திறந்து மோந்தார். "டீசலு வாங்கியாந்த டின்னுல அதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சி?" என்றார். டிரைவர் யோசித்து, "பதநீரு" என்றார். டேங்கைக் கழுவி ஊற்றியதும் லாரி போய்விட்டது. இப்படி நிறைய உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது கோவிந்தசாமி அவர்களின் பிக்கப் பற்றி.

பொங்கல் கழிந்த மாதம். பொழுது சாய்கிற நேரத்தில் சாலையில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தோம். ஒரு பழைய பிக்கப் வண்டியை ஜோடி மாடு இழுத்துக்கொண்டு வந்தது. யுத்த காலத்து வண்டி, பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு யாரோ டீசல் இஞ்சின் பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மாட்டுக்குப் பக்கத்தில், தலைப்பாகையும் வெள்ளை வேட்டியுமாக, கையில் சாட்டை இருந்தும் ஒரு தரமும் ஓங்காமல் நடந்து வந்தார் முதலாளி கோவிந்தசாமி. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். விடியுமுன் கிளம்பி டிரங்க் ரோட்டில் இப்படியே வந்திருக்கிறார்கள். வழி நெடுக, "இந்த வண்டிக்கு எத்தன கியரு?" என்று கேட்காத ஆள் இல்லையாம்.

மாடுகளை நான் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அவ்வளவு தூரம் இழுத்து வந்தும் மேனி பளபளவென்று இருந்தது. கொம்பில் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் இன்னும் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வர்ணம் பிக்கப்பின் முன் பம்பரிலும் இருந்தது.

பாய் டீ சொன்னார். கோவிந்தசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபிறகுதான் டீயைத் தொட்டார்.

"பாய், திண்டிவனத்துல பாத்தவன் இஞ்சினு செத்துப்போச்சி, வேற மாத்துன்னுட்டான். மாத்தணும்னா மாத்துறேன், இந்த ஜோடிய வித்தாவது மாத்துறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இந்தப் பய எண்ணெ இல்லாம ஓட்டனானா இல்லியா? எண்ணெ இல்லாம ஓட்டித்தான் புடிச்சிக்கிச்சின்னு நீ சொல்லிட்டீன்னா, இவன இங்கியே உட்டுட்டு நான் மாட்ட ஓட்டிக்கினு போய்டுவேன்."

பாய், "பாக்கலாங்க பெரியவரே. காலைல பாக்கலாம்" என்றார்.

டிரைவர் பெயர் சவரிமுத்து. முகையூர்ப் பக்கத்துப் பையன். அவன் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், இவன்தான் முதன்முதலாக ஸ்டீரிங் பிடித்தவன். என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தெனம் காலைல குச்சிய உருவிப் பாத்துட்டுத்தான் வண்டி எடுப்பேன். எண்ணெ கோட்டுக்கு மேலதான் இருந்துச்சி. சொன்னா நம்ப மாட்றாரு."

"நீ ஏன் இப்பிடி நடுங்குற? வேல போனா வேற வேல."

"தவக்காலத்துக்கு முன்னாடி கல்யாணம் வச்சிருக்குதுண்ணே. கண்டமங்கலத்துப் பொண்ணு. டிரைவரு மாப்ளன்னுதான் குடுக்குறாங்க. இஞ்சின தீச்சவன்னு பேரு வந்திச்சின்னா அப்புறம் எவன் என் கையில வண்டி குடுப்பான்?"

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதைதான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், மனதுக்குள் நானும் இவன்தான் தீய்த்திருப்பான் என்றே நினைத்தேன். ஒரு டீசல் இஞ்சின் சும்மா பிடித்துக்கொள்ளாது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டும். நூற்றில் தொண்ணூறு கேஸ் அதுதான்.

காலையில் வேலை ஆரம்பித்தோம். முதலில் கியரை நியூட்ரலில் போட்டு, கோளாறு கியர்பாக்ஸில் இல்லை என்று பார்த்தோம். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினோம், அதன் பல் மாட்டியிருந்தாலும் இஞ்சின் நகராது. அதுவும் இல்லை. சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் நாலு நாசிலையும் கழற்றினோம். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்த ஓட்டை வழியாகப் பீச்சியடிக்கும். ஒரு சொட்டு இல்லை. கையால் இஞ்சினைச் சுற்றும் ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றிப் பார்த்தேன். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது.

"பாய், ஹேண்டில்ல ஒரு நீட்டு பைப்ப சொருகி ரெண்டு பேரு தொங்கினா வந்துடும்."

"வரும். உள்ள இருக்குற ராடும் வளைஞ்சி கையோட வரும். ஜல்தி பண்ணாத ஏழுமல. மொதல்ல குச்சிய எடு."

எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிக் கொடுத்தேன். சவரிமுத்து சொன்னது சரி, கோட்டுக்கு மேலேதான் ஈரம் இருந்தது. பாய் அதைக் கட்டைவிரலில் தடவி, ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்தார். இரண்டு விரலும் பிரிய மறுத்தன. பீடியைக் காதில் செருகிவிட்டு மோந்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. குச்சியை என்னிடம் நீட்டினார்.

நான் மோந்தேன். மோந்த கணத்தில் எனக்கு என் அம்மாவின் மடியும், என் மூக்கை அழுத்திப் பிடித்த இரண்டு விரலும், வாய்க்குள் இறங்கிய சங்கும் ஞாபகத்துக்கு வந்தன. வெல்டர் கன்னியப்பனைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னார் பாய். அவன் மோந்துவிட்டு வெளியே போய்த் துப்பினான். நம் ஊரில் குழந்தையாக இருந்த எவனுக்கும் அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்கெண்ணெய்.

தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமிக்கு அந்த வாடை எட்டவில்லை, எங்கள் முகம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து மோந்து, ஒவ்வொருவராக முகம் சுளிப்பதைப் பார்த்து அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

"வாயத் தொறக்காத. கீழ போயி சம்ப எறக்கு" என்றார் பாய் என்னிடம்.

இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டிதான் சம்ப். வண்டிக்கு அடியில் படுத்து அதை இறக்கினேன். மேலே கறுப்பாக இஞ்சின் ஆயில். அடியில், ஆறிப்போன களிபோல, தேன் நிறத்தில் ஒரு கட்டி. இரண்டும் சேரவில்லை. விளக்கெண்ணெய் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பனிக்காலத்தில் இறுகும். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் சல்லடையை அது அப்படியே மூடியிருந்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் இஞ்சின் தாகத்தில் நின்றிருக்கிறது. மேலே ஏறிய கொஞ்சமும் பிஸ்டன் ரிங்குகளில் பிசினாகக் காய்ந்து ஒட்டிவிட்டது.

நான் அடியிலேயே படுத்திருந்தேன். சவரிமுத்து வெளியே மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். இரண்டு ஜோடிக் கால்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று பாயுடையது, இன்னொன்று வெள்ளை வேட்டி.

"மாடு அருமையான மாடுங்க பெரியவரே. இன்னா குடுக்குறீங்க?"

கோவிந்தசாமியின் குரல் உடனே நிமிர்ந்தது. "தவிடு, மல்லாட்டப் புண்ணாக்கு, பருத்திக்கொட்ட. புள்ளைங்களுக்கு இல்லன்னாலும் இதுங்களுக்கு உண்டு."

"வயிறு ஊதிக்கிச்சின்னா?"

"வெளக்கெண்ணெதான். மூங்கில் கொழாயில ஊத்தி, தலையத் தூக்கிப் புடிச்சி, தொண்டையில உட்டுடணும். மறுநாளு பாரு, கன்னுக்குட்டியாட்டம் துள்ளும்."

"மனுசனுக்கு?"

"மனுசனுக்கும் அதான். மாசம் ஒருவாட்டி எடுத்துட்டா எந்த டாக்டரும் வேணாம்."

பாயின் கால் டயர் பக்கம் திரும்பியது. "வண்டிக்குங்க?" என்றார் மெதுவாக.

வெள்ளை வேட்டி அசையாமல் நின்றது.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு…" என்று ஆரம்பித்தார் கோவிந்தசாமி. குரல் பாதியாகிவிட்டது. "கொஞ்ச நாளா கருப்பா பொக உட்டுக்கினு, ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சி பாய். வயிறு கெட்டுப்போச்சின்னு நெனச்சேன். மாட்டுக்கு மால போட்டேன், இதுக்கும் போட்டேன். மாட்டுக்கு ஊத்தனேன், இதுக்கும் ஊத்தனேன். இது பெரிய உருப்படியாச்சேன்னு ஒரு டின்னு…"

"பையன் அப்ப எங்க?"

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தான்."

"நல்ல மருந்துதான் பெரியவரே. வாயிதான் வேற." பாய் குரலில் கேலி இல்லை. "பையன் எண்ணெ இல்லாம ஓட்டல. நீங்க கேட்டதுக்கு இதான் பதிலு. மீதிய நான் யாருகிட்டயும் பேச மாட்டேன். இஞ்சின மாத்த வேணாம், ஜோடிய விக்க வேணாம், எழுப்பிடலாம். மத்தது உங்க பாடு."

வண்டிக்கு அடியில் சிரிப்பை அடக்கினால் நெஞ்சு எவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் மறு நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் வண்டியையும் ஓர் உயிராக நினைத்துத்தான் ஊற்றியிருக்கிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பழி சுமந்தவன் ஒன்றும் தெரியாமல் அங்கே வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான்.

இஞ்சினை எழுப்பிய வேலையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாசில் ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். ஊறியது போதாது என்று பாய் இன்னொரு நாளும் ஊறவிட்டார். பிறகு ஹேண்டிலை ஒரு கையால் மட்டும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் நூலளவு அசைந்தது. நூல் விரலாயிற்று, விரல் சாணாயிற்று. மேல்மூடியைக் கழற்றி, அடியிலிருந்து வேப்பங்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிப் பிஸ்டன்களை எடுத்தோம். சுத்தியல் நேராகப் படவே கூடாது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, வெறும் பிசின்தான். அது தெரிந்தபோது பாய் பீடியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டார். பிஸ்டன்களைச் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவி, ரிங்குகளையும் தேய்ந்துபோன ஒரு பேரிங்கையும் மட்டும் புதிதாகப் போட்டோம். கறுப்புப் புகைக்குக் காரணம் என்ன தெரியுமா? காற்று போகிற பில்டர் முழுக்க மல்லாட்டைத் தோல்.

இத்தனை நாளும் கோவிந்தசாமி எங்கள் ஷெட்டிலேயே மாட்டோடு படுத்துக்கொண்டார். சவரிமுத்துவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சோறு வாங்கினால் இரண்டு பொட்டலமாக வாங்கினார். எனக்கு வாய் அரித்தது. பாய் என்னைப் பார்க்கும் பார்வையில் அரிப்பு அடங்கியது.

கடைசியில் ஹேண்டிலைப் போட்டேன். இஞ்சின் இரண்டு தரம் தும்மி, எழுந்துகொண்டது. வெள்ளையாக ஒரு புகை வந்தது பாருங்கள், அந்தத் தெரு முழுக்கப் பேதி மருந்து வாடை. எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

கோவிந்தசாமி பானெட்டைத் தடவிக் கொடுத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "ஏறுடா சவரிமுத்து. போவலாம்" என்றார்.

சவரிமுத்து ஏறவில்லை. அவனும் நம் ஊர்ப் பிள்ளைதானே, அந்த வாடை அவன் மூக்கிலும் ஏறியிருந்தது. புகையைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான்.

"மொதலாளி, இது இன்னா வாடை?"

ஷெட்டில் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டோம். கோவிந்தசாமி பாயைப் பார்த்தார். பாய் காதில் இருந்த பீடியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் முகமாயிற்று பெரியவருக்கு.

"நாந்தான் ஊத்தனேன்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "மருந்துதானடா குடுத்தேன், வெசமா குடுத்தேன்?"

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா அதுங்க வயித்த தடவிப் பாக்குறீங்க, காது மடல தொட்டுப் பாக்குறீங்க" என்றான் சவரிமுத்து. "நான் சொன்ன ஒரு வார்த்தைய நம்பலியே மொதலாளி. தீச்சவன்னு ஊரு பூரா சொல்லிட்டீங்களே."

அவர் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். "ஊரு பூரா நானே சொல்லிடுறேன், ஊத்தனது நான்னு. போதுமா?" என்றார்.

"போதாது. பானெட்டுக்கு ஒரு பூட்டு போடணும். சாவி என்கிட்டதான் இருக்கணும்."

தன் வண்டிக்குத் தன்னைத் தடுக்கப் பூட்டா என்று அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் பானெட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "போட்டுக்கோ" என்றார். கன்னியப்பன் அப்போதே பானெட்டில் இரண்டு வளையம் வெல்டு வைத்தான். பூட்டைக் கோவிந்தசாமியே கடைக்குப் போய் வாங்கி வந்தார். சவரிமுத்து சாவியைக் கழுத்துக் கயிற்றில், சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டான். மாடு பின்னால் கட்டப்பட்டு நடந்து போக, பிக்கப் நடக்கிற வேகத்தில் திண்டிவனம் திரும்பியது.

தவக்காலம் பிறக்குமுன் கண்டமங்கலத்தில் கல்யாணம். பாயும் நானும் போயிருந்தோம். சொன்ன சொல் மாறாமல், பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் கோவிந்தசாமி தானே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிப் போக பிக்கப் மாதா கோவில் வாசலில் நின்றது. கோவிந்தசாமி பானெட் முன்னால் போய்த் தயங்கி நின்றார்.

"சவரிமுத்து, சாவிய குடுடா. உள்ள ஒரு பூ வச்சிட்டுத் தந்துடுறேன்."

சவரிமுத்து கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். ஆனால் சாவியை அவரிடம் கொடுக்கவில்லை, பக்கத்தில் நின்ற மணப்பெண் ஜெபமாலையின் கையில் வைத்தான். "இனிமே இவளக் கேளுங்க மொதலாளி."

அந்தப் பெண் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கிப் பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள். "கையக் காட்டுங்க" என்றாள்.

கோவிந்தசாமி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றில் ஒரு முழம் கனகாம்பரம், இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அவள் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் மோந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் சாவியைக் கொடுத்தாள்.